இரண்டு பிறை எலும்பும் ஒரு பாவசங்கீர்த்தனமும்

போன மாதம் பழைய காலேஜிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார்கள். விலங்கியல் மியூசியத்துக்குப் புது எலும்புக்கூடு வந்திருக்கிறதாம், வந்து பார்க்க வேண்டுமாம். போய்ப் பார்த்தால் பிளாஸ்டிக்! அட்டைப்பெட்டியைத் திறந்து நாலு நட்டு முடுக்கினால் அரை மணியில் ஆள் எழுந்து நிற்கிறான். நாற்றம் இல்லை, ஊறப்போடும் வேலை இல்லை, கையில் கொப்புளம் இல்லை. நான் ஒரு கூட்டை நிறுத்துவதற்கு நாலு மாதம் ஆகும். வயிறு எரிந்தது என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் எரிந்தது.

அங்கே இப்போது என் வேலையைப் பார்க்கிற மஞ்சுநாத் நல்ல பிள்ளை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டான். "நீங்க தினம் சர்ச்சுக்குப் போறவரு. ஒரே கண்ணாடிப் பெட்டியில குரங்குக் கையையும் மனுஷன் கையையும் பக்கத்துல பக்கத்துல மாட்டி வச்சவரும் நீங்கதான். உள்ளுக்குள்ள ஒண்ணும் ஆகலையா சார்?"

ஆகாமல் என்ன! ஆனால் அதை டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியாது. "அப்புறம் சொல்றேன்பா" என்று வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆரோக்கியசாமி என்கிற நான் மைசூரிலேயே பிறந்தவன். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எனக்குப் படிப்பு ஏறவில்லை, ஆனால் கம்பியும் குறடும் கையில் நன்றாகப் பேசும். சுதந்திரம் வந்த புதிதில் காலேஜ் விலங்கியல் துறையில் அட்டெண்டராகச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு முன்பு அங்கே எலும்பு பூட்டிக்கொண்டிருந்தவரிடம் மூன்று வருஷம் திட்டு வாங்கினேன். அவர் போனதும் அந்த மேஜை எனக்கு வந்தது. அவ்வளவுதான் என் பயிற்சி.

துறைத் தலைவர் திருமலாச்சார். மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார். மற்றவர்களிடம் கன்னடமும் இங்கிலீஷும் பேசுவார், என்னிடம் மட்டும் அவர் வீட்டுத் தமிழ். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நான் பூட்டி முடித்த கூட்டைப் பார்க்க வருவார். பார்ப்பது என்றால் கண்ணால் அல்ல. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு மூட்டாக விரலால் தடவிக்கொண்டே போவார். கடைசியில் பென்சிலால் மேஜையில் இரண்டு தட்டுத் தட்டினால் சரி என்று அர்த்தம். ஒரே தட்டு என்றால் எல்லாவற்றையும் பிரி, மறுபடி பூட்டு. அந்த இரண்டாவது தட்டு விழுகிற வரைக்கும் குறடைக் கீழே வைக்க மாட்டேன்.

ஒரு தசராவுக்கு வந்த சர்க்கஸில் சிம்பன்சி ஒன்று குளிர்ஜுரத்தில் செத்துப்போனது. ஆச்சார் சார் கேட்டு வாங்கிவிட்டார். அதே சமயத்தில், ஆஸ்பத்திரியில் கேட்பாரற்று இறந்துபோன ஒருவருடைய வலது கையும் உத்தரவோடு எங்களுக்கு வந்தது. இரண்டு வலது கைகளையும் பூட்டி ஒரே பெட்டியில் மாட்ட வேண்டும் என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "சார், தப்பா நினைக்கக் கூடாது. மனுஷனைச் சர்வேசுரன் தன் சாயலா, தனியாப் படைச்சார். இதையும் அதையும் ஜோடி சேக்கிறது எனக்கு மனசுக்குப் பிடிக்கலை."

அவர் கோபப்படவில்லை. "உன்னை நம்பச் சொல்லலையேப்பா. பூட்டத்தானே சொல்றேன். பூட்டிப் பாத்துட்டு நீயே எனக்குச் சொல்லு."

சரி, என்னதான் ஆகிவிடும் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். எலும்பைச் சுத்தம் செய்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. முதலில் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊற வேண்டும். அந்த நாற்றத்தில் வீட்டில் சோறு இறங்காது. என் மனைவி லூர்து மேரி கொல்லைப்புறத்தில் குளிக்க வைத்துத்தான் உள்ளே விடுவாள். பிறகு சலவை சோடா போட்டு இளஞ்சூட்டில் வேகவிட வேண்டும். பெட்ரோலில் போட்டு எண்ணெயை எடுக்க வேண்டும். வெயிலில் காயவைத்து, கைத்துளைப்பானால் ஓட்டை போட்டு, பித்தளைக் கம்பியால் பூட்ட வேண்டும். ஒரு கையில் இருபத்தேழு எலும்பு. எட்டு மணிக்கட்டிலேயே இருக்கும், புளியங்கொட்டையும் கொண்டைக்கடலையுமாக. அதனால் ஒரு கைக்கு ஒரு துணிப்பை, பையில் ஈயச் சீட்டு, தண்ணீர் மாற்றும்போது ஒரு கை முழுக்க எண்ணி முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொடுவது. இது சட்டம். எனக்கு முன்பு எலும்பு பூட்டினவர் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த சட்டம்.

நான் அந்தச் சட்டத்துக்கு மேலே என் சட்டம் ஒன்றும் வைத்திருந்தேன். மனுஷ எலும்பை வெள்ளைப் பீங்கானில்தான் போடுவேன். தொடுவதற்கு முன்னால் சிலுவை போட்டு, அந்த ஆத்துமத்துக்காக ஒரு ஜெபம் சொல்வேன். மிருகத்துக்குத் தகரத் தொட்டி போதும்.

ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் வந்தது. பெரிய வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை. இரண்டு கையும் சோடாத் தண்ணீரில் கிடக்கிறது. இன்னும் பத்து நாள் கிடக்க வேண்டியது. ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த வெள்ளி ஆண்டவர் பாடுபட்ட நாள், அன்றைக்கு ஒரு மனுஷனுடைய கை சோடாத் தண்ணீரில் மிதக்கலாமா? எடுத்துக் காயவைத்துவிடுவோம் என்று அன்று சாயங்காலமே தீர்மானித்தேன். கோயிலில் சிலுவைப் பாதை ஜெபத்துக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது. பையெல்லாம் சோடாவில் இற்றுப்போயிருந்தது. அவசரத்தில் மனுஷக் கையைச் சல்லடையில் கொட்டி எடுத்தேன். அடுத்ததையும் அதே சல்லடையில் கொட்டி எடுத்தேன். எண்ணினேன். இங்கே இருபத்தாறு. அங்கேயும் இருபத்தாறு. சல்லடை மூலையில் ஒட்டிக்கொண்டு இரண்டு எலும்பு.

இரண்டும் பிறை எலும்பு. மணிக்கட்டு நடுவில் பிறைச் சந்திரன் மாதிரி வளைந்து உட்கார்ந்திருக்குமே, அதுதான். இறந்த மனிதர் ஒடிசலானவர், சிம்பன்சியோ நன்றாக வளர்ந்தது. அளவில் மயிரிழை வித்தியாசம். எது மனுஷன்?

எனக்குத் தெரியவில்லை.

சிலுவைப் பாதை போச்சு. ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன். எத்தனை எலும்பைத் தொட்ட கை! "மனுஷன் தனி, மனுஷன் தனி" என்று வாய் கிழியப் பேசினவன் இவன்தான், இப்போது சொல்லேன் எது தனி என்று யாரோ காதில் சொல்கிற மாதிரி இருந்தது. வேலை போய்விடுமோ என்று பயந்ததைவிட, அந்த இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்ற பயம்தான் பெரிசு. கடைசியில் ஒன்றைப் பீங்கானில் போட்டேன், மற்றதைத் தொட்டியில் போட்டேன். பக்கத்து எலும்போடு சேர்த்துப் பார்க்க அந்தப் பயத்தில் தோன்றவே இல்லை. பூட்டினேன். ஆச்சார் சார் வந்து கண்ணை மூடித் தடவினார். மணிக்கட்டுக்கு வந்தபோது அவர் விரல் ஒரு நொடி நின்றது. டக், டக். இரண்டு தட்டு.

இரண்டு வருஷம் அந்தப் பெட்டியைத் தூசி தட்டும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்தேன். கோயிலிலோ, அப்போது எங்கள் பங்குக்குப் புதிதாக வந்திருந்த சுவாமியார் என்னைவிடச் சின்னவர், நெருப்பு மாதிரி பேசுவார். மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்று சொல்கிறவர்களின் உப்பைத் தின்கிறவர்களும் நம் நடுவில் இருக்கிறார்கள் என்று ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னார். கோயில் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. லூர்து மேரி வீட்டுக்கு வந்ததும் அழுதாள். "என்னங்க, அந்த வேலையை விட்டுத் தொலைங்களேன்." "விட்டுட்டு? நீ சம்பாதிச்சுப் போடுவியா?" என்று எரிந்து விழுந்தேன். அவளுக்கு என்ன தெரியும், எனக்குள் என்ன ஓடுகிறது என்று?

அந்த வருஷம் பி.எஸ்ஸி. கடைசி வகுப்பில் எங்கள் பங்கைச் சேர்ந்த ஸ்டெல்லா என்ற பெண் படித்தாள். அம்மா நர்ஸ், அப்பா இல்லை. மிஷன் கொடுத்த உதவியில் படிக்கிறாள். தேறினால் ஜூனில் கான்வென்டில் டீச்சர் வேலை தயாராக இருந்தது. தேறாவிட்டால் உதவியும் நின்றது, படிப்பும் நின்றது. ஞாயிற்றுக்கிழமை சின்னப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பாள். மற்ற நாளெல்லாம் மியூசியத்தில் உட்கார்ந்து எலும்பு வரைவாள். அப்படி வரைகிற கையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

பிராக்டிகல் பரீட்சை. வெளியூரிலிருந்து எக்ஸாமினர் வந்திருந்தார். நீளமான மேஜையில் வரிசையாகப் பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், ஒவ்வொன்றின் முன்னாலும் மூன்று நிமிஷம். மணி அடிப்பது நான். ஏழாம் நம்பர் என் இரண்டு கைகள். 'ஒப்பிட்டு எழுதுக' என்று சீட்டு. ஆச்சார் சார் பக்கத்து அறையில் தவளை அறுப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டெல்லா ஏழாம் நம்பரில் குனிந்தாள். எழுதவில்லை. நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். மணி அடிக்க என் கை எழவில்லை. எழுப்பி அடித்தேன்.

பேப்பரை வாங்கிப் படித்த எக்ஸாமினர் அவளை முன்னால் வரச் சொன்னார். "என்ன எழுதியிருக்கிறாய்? மனிதக் கையில் சிம்பன்சி எலும்பு இருக்கிறதா?" இங்கிலீஷில்தான் எல்லாம். எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் புரியும்.

"ஆமா சார். பிறை எலும்பு மட்டும். பக்கத்து எலும்போட அது உட்காரலை."

"நீ கிறிஸ்தவப் பெண்தானே?" அவர் சிரித்தார். "குரங்கும் மனிதனும் பக்கத்தில் இருந்தால் உங்கள் வேதத்துக்கு ஆகாது. அதனால் பொருளே தப்பு என்று எழுதிவிட்டாய். பரிணாமத்தை ஒப்புக்கொள்ள மனசில்லாவிட்டால் விலங்கியல் எதற்குப் படிக்க வந்தாய்?"

அவள் முகம் சிவந்துவிட்டது. ஆனால் குரல் நடுங்கவில்லை. "ரெண்டையும் கடவுள்தான் படைச்சார்னு நம்பறேன் சார். எப்படிப் படைச்சார்னு எலும்பைப் பாத்துத் தெரிஞ்சுக்கறேன். ஆனா இந்த எலும்பு இந்தக் கையோடது இல்லை."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். தமிழில் கேட்டாள். "அண்ணா, நீங்கதானே பூட்டினீங்க? நீங்க சொல்லுங்களேன்."

எக்ஸாமினரும் என்னைப் பார்த்தார். ஜூலையில் எனக்கு வேலை நிரந்தரம் ஆக வேண்டும், கடிதம் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அது மட்டுமா? உண்மையைச் சொன்னால் எல்லாரும் என்ன கேட்பார்கள்? மனுஷ எலும்பு எது, மிருக எலும்பு எது என்று உனக்கே தெரியவில்லையா என்று கேட்பார்கள். சுவாமியார் கேட்பார், ஊர் கேட்கும்.

"நான் சரியாத்தான் பூட்டினேன் சார்" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எக்ஸாமினர் அவள் பேப்பரின் குறுக்கே கோடு கிழித்தார். பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதினார். அது ஃபெயில். எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். மறுநாள் காலை பதினோரு மணிக்கு மார்க் பட்டியலுக்கு அரக்கு வைப்பார்கள், அதை எடுத்துக்கொண்டு அவர் ரயில் ஏறிவிடுவார்.

அன்றும் வெள்ளிக்கிழமை. சிலுவைப் பாதைக்குப் போனேன். முடிந்ததும், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் போய் முழங்கால் போட்டேன். வலைத்தட்டிக்கு அந்தப் பக்கம் அதே நெருப்புச் சுவாமியார்.

பொய் சொன்னேன் என்றேன். யாருக்கு நஷ்டம் என்று கேட்டார். ஒரு பெண்ணுக்கு என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அதைச் சரி பண்ணாம இங்க எதுக்கு வந்தே?"

"சரி பண்ணணும்னா, குரங்கு எலும்பையும் மனுஷ எலும்பையும் எனக்குப் பிரிக்கத் தெரியலைன்னு நாலு பேர் முன்னாடி சொல்லணும் சாமி. நீங்க பிரசங்கத்துல..." எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "நான் சொன்னா அது அவங்களுக்குச் சாட்சி ஆயிடாதா? வேதத்துக்கு விரோதமா ஆயிடாதா?"

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சென்றது. எழுந்து போய்விட்டாரோ என்று தட்டியைப் பார்த்தேன். மூச்சு கேட்டது.

"உனக்குத் தெரிஞ்சுதா, தெரியலையா?"

"தெரியலை சாமி."

"அப்ப தெரியலைன்னு சொல்லு." குரலில் இப்போது நெருப்பு இல்லை, சிரமப்பட்டுப் பேசுகிற மாதிரி இருந்தது. "எலும்பு விஷயம் எனக்கு ஒண்ணும் தெரியாது. என் பிரசங்கத்தைக் காப்பாத்த நீ பொய் சொல்ல வேண்டாம். ஆண்டவரைக் காப்பாத்தவும் வேண்டாம். நாளைக்குப் போய்ச் சொல்லிட்டு வா. அப்புறம்தான் மன்னிப்பு."

மன்னிப்பு இல்லாமல் எழுந்து வந்தேன். கோயிலில் எல்லாரும் பார்த்தார்கள், ஆரோக்கியசாமி இவ்வளவு நேரம் என்ன பாவத்தைக் கொட்டினான் என்று.

மறுநாள் எட்டரைக்கே ஆச்சார் சார் அறை வாசலில் நின்றேன். வந்தார். உள்ளே போய்ச் சொன்னேன். சல்லடை, பை, பெரிய வாரம், ஜெபம், எல்லாம். அவர் பென்சிலை எடுத்தார். தட்டவில்லை, திரும்பக் கீழே வைத்தார்.

"எது எதுன்னு இப்பவாவது தெரியுமா?"

"தெரியாது சார்."

"ரெண்டு வருஷமா தெரியாமத்தான் இருந்தியா?"

"ஆமா சார்."

"என் விரலும் அங்கே ஒரு க்ஷணம் நின்னுது. நின்னும் தட்டிட்டேன்." தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "குறடை எடுத்துண்டு வா."

எக்ஸாமினர் பட்டியலை மடித்துக்கொண்டிருந்தார். மார்க் போட்டாகிவிட்டது, இனி மாற்றுவதாவது என்று குதித்தார். ஆச்சார் சார் குரலை உயர்த்தவே இல்லை. தவறு என் துறையுடையது, நான் தட்டிக்கொடுத்த பொருள் அது, பிரித்துப் பார்க்காமல் நான் உள்தேர்வாளர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். அவர் கையெழுத்து இல்லாமல் அரக்கு வைக்க முடியாது. மணி பத்தே கால்.

அத்தனை பேர் முன்னால் என் கைவேலையை நானே வெட்டினேன். பித்தளைக் கம்பி ஒவ்வொன்றும் அறுந்து விழுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. இரண்டு பிறை எலும்பையும் கறுப்புத் துணியில் வைத்தேன். ஆச்சார் சார் எக்ஸாமினரிடம் பூதக்கண்ணாடியை நீட்டி, "எது மனிதன் என்று நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். முந்தின நாள் சிரித்த மனுஷன் இப்போது இரண்டையும் மாற்றி மாற்றித் திருப்பினார். இருபத்தைந்து வருஷம் பாடம் நடத்தினவர் அவர், அவருக்கும் எனக்கும் அந்த நேரத்தில் வித்தியாசமே இல்லை. எனக்கு ஒரு பக்கம் பரிதாபமாக இருந்தது, ஒரு பக்கம் அல்ப சந்தோஷமாகவும் இருந்தது. கடைசியில் ஒன்றைத் தொட்டு, "அநேகமாக இது" என்றார்.

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார்கள். அம்மாவோடு வராந்தாவில் நின்றிருந்தாள். வீங்கிய முகத்தோடு வந்தாள். எது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டையும் ஏறெடுத்துக்கூடப் பார்க்காமல், முதலில் மனுஷக் கையின் பக்கத்து எலும்பைக் கேட்டு வாங்கினாள். எக்ஸாமினர் தொட்ட எலும்பை அதோடு சேர்த்தாள். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தது. மற்றதை எடுத்துச் சேர்த்தாள். அது வழுக்கிக்கொண்டு போய், தன் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி உட்கார்ந்தது. சேர்ந்த இரண்டையும் தலைகீழாகத் திருப்பினாள். விழவில்லை.

ஆச்சார் சார் வாங்கிக் கண்ணை மூடித் தடவினார். டக், டக்.

எக்ஸாமினர் குறுக்குக் கோட்டின் மேல் இன்னொரு கோடு போட்டு, மார்க்கைத் திருத்தி, கையெழுத்துப் போட்டார். அந்த வகுப்பிலேயே அதுதான் அதிக மார்க். என் நிரந்தரக் கடிதத்தை ஆச்சார் சார் எடுத்து மேஜைக்குள் வைத்துப் பூட்டினார். "ஒரு வருஷம் தள்ளித்தான், ஆரோக்கியம்" என்றார். வாங்கிக்கொண்டேன். வேண்டிய தண்டனைதான்.

வராந்தாவில் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் மட்டும் வந்து சொல்லாவிட்டால் என்று ஆரம்பித்தார். எனக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்தது. வேலையைப் பணயம் வைத்து வந்து சொன்னேனே! சுவாமியார் இனி மன்னிப்பும் கொடுப்பார், ஈஸ்டர் பாஸ்கு அன்று நற்கருணை நன்மை வாங்கலாம். ஸ்டெல்லாவும் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று நின்றேன்.

அவள் அம்மாவின் கையை என் கையிலிருந்து விலக்கினாள்.

"நேத்து நான் வீட்டுக்குப் போய் என் படத்தையெல்லாம் எடுத்து வச்சுப் பாத்தேண்ணா. எல்லாத்துலயும் பிறை எலும்பைச் சரியாத்தான் வரைஞ்சிருக்கேன். அப்படியும், பூட்டினவரே சொல்றாரே, எனக்குத்தான் கண்ணு தப்போன்னு நினைச்சுட்டேன். ஆண்டவர் கொடுத்த கண்ணு. நீங்க ஒரு வார்த்தை சொன்னதுக்கு, அதை நான் சந்தேகப்பட்டுட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டாள். நான் மியூசியத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, பிரித்துப் போட்ட இரண்டு கைக்கும் நடுவில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதேன்.